தொடர்கல்விப் புள்ளிகளில் பாதியை நிறுத்தி வையுங்கள்: பிசியோதெரபி சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பிசியோதெரபிஸ்டுகளின் தொழில்முறைச் சங்கங்களில் உறுப்பினர் சேர்க்கையையும் தொடர்கல்விப் புள்ளிகளையும் கவனிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொழிலில் தொடர்ந்து கற்பதற்காக உறுப்பினர்களுக்கு நீங்கள் தரும் புள்ளிகளை, பயிலரங்கு முடிந்த அன்றே முழுவதும் கொடுத்துவிடாதீர்கள். பாதியை அன்று கொடுங்கள். கற்றது சிகிச்சை அறைக்குள் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு பக்க ஆதாரம் வரட்டும். மீதிப் பாதியை அப்போது கொடுங்கள். இதை ஏன் கேட்கிறோம், எப்படி நடத்தலாம், எங்கே சொதப்பும் என்பதுதான் இந்த மடலில் உள்ள மற்றதெல்லாம்.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். பதிவு வேறு, சங்க உறுப்பினர் அட்டை வேறு. தொழில் செய்ய அனுமதி தருவது சட்டப்படி அமைந்த பதிவு அமைப்பு. சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். பிரிட்டனில் எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவு மன்றத்தின் பதிவு இல்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அங்கே 1894-இல் தொடங்கிய பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமான சார்ட்டர்ட் சொசைட்டியில் சேரச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. 1921-இல் பிறந்த தேசியச் சங்கத்தின் அட்டை அதற்கு ஈடாகாது. உலக அமைப்போ தனிநபர்களைச் சேர்ப்பதே இல்லை. 1951-இல் 11 தேசியச் சங்கங்கள் கூடித் தொடங்கிய அந்த அமைப்பு இன்று வேர்ல்ட் பிசியோதெரபி என்ற பெயரில் இயங்குகிறது. அதில் உறுப்பினராக இருப்பவை சங்கங்கள்தான். பெயர்ப்பலகையில் தன்னை நேரடியாக அதன் உறுப்பினர் என்று எழுதிக்கொள்பவரிடம் ‘இது தவறு’ என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது. அதை யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

இந்த வேறுபாடு இங்கே எதற்கு என்றால், பதிவு அமைப்பு குறைந்தபட்சத்தைத்தான் கேட்கும். ஆஸ்திரேலியப் பதிவு வாரியம் ஆண்டுக்கு 20 மணி நேரக் கற்றலைக் கேட்கிறது. பதிவேட்டை 5 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. எச்.சி.பி.சி. மணிக்கணக்கே கேட்பதில்லை. பதிவேடு தொடர்ச்சியாக இருக்கிறதா, பலவகைக் கற்றல் உண்டா, பணியின் தரத்துக்கும் சேவை பெறுபவருக்கும் அது பயன்பட்டதா என்று கேட்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது 2.5 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விவரம் கேட்கிறது. இவை இரண்டும் சட்டப்படி அமைந்த அமைப்புகள். அவற்றின் கை சட்டத்தால் கட்டப்பட்டது. உங்கள் கை அப்படிக் கட்டப்படவில்லை. பதிவு அமைப்பு கேட்கத் தயங்குவதைச் சங்கம் கேட்கலாம், சோதித்துப் பார்க்கலாம், சரிவராவிட்டால் அடுத்த ஆண்டு மாற்றலாம்.

இப்போது பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு புள்ளி. வருகைப்பதிவில் காலையும் மாலையும் கையெழுத்து, கடைசியில் சான்றிதழ். புதுப்பிப்புக் காலத்தின் கடைசி மாதத்தில் எந்தத் தலைப்பானாலும் அரங்கம் நிறையும். வெபினார் என்றால் திரையில் வரும் குறியீட்டைத் தட்டச்சு செய்தால் போதும், ஆள் அடுத்த அறையில் நோயாளிக்கு ஐ.எஃப்.டி. என்ற வலிக்கான மின்சிகிச்சைக் கருவியை மாட்டிக்கொண்டிருப்பார். முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் வைக்கும் ஐந்து கேள்விக் குவிஸ், சற்றுமுன் கேட்டது காதில் விழுந்ததா என்பதை மட்டும் சொல்லும்.

கூட்டங்களும் பயிலரங்குகளும் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. சுகாதாரப் பணியாளர்களின் தொடர்கல்விக் கூட்டங்களைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறு ஆய்வு 2009-இல் வந்தது. விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றுவது இடைநிலைக் கணக்கில் (வரிசையின் நடு மதிப்பில்) சுமார் 6 சதவீதப் புள்ளிகள் கூடியது என்றது. 2021 புதுப்பிப்பில் 215 ஆய்வுகள் சேர்ந்தன. கணக்கு ஏறத்தாழ அதே இடத்தில்தான் நின்றது. ஆக, பலன் உண்டு, ஆனால் சிறியது. ஒரு முழு நாள், பயணம், கட்டணம், மூடிக் கிடந்த கிளினிக் எல்லாம் சேர்ந்து நூறில் ஆறு. இதற்கு முழுப் புள்ளி கொடுப்பது கொஞ்சம் தாராளம்தான்.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், 2019-இல் வெளியான தொகுப்பாய்வைப் பாருங்கள். எலும்பு, தசை, மூட்டுப் பிரச்சினைகளில் பிசியோதெரபிஸ்டுகள் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையைப் பற்றிய 94 ஆய்வுகளை அது அலசியது. கருத்துக்கணிப்புகளில், சிகிச்சை வழிகாட்டிகள் பரிந்துரைத்த சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் இடைநிலையாக 54 சதவீதம். பரிந்துரைக்கப்படாததைத் தேர்ந்தவர்கள் 43 சதவீதம். கேஸ் குறிப்புகளை எடுத்துத் தணிக்கை செய்த ஆய்வுகளில், அவற்றைப் பெற்ற நோயாளிகளின் சதவீதம் முறையே 63, 27 என்று வந்தது. கேட்டால் ஒரு கணக்கு, குறிப்பைப் புரட்டினால் வேறு கணக்கு. கேள்வித்தாளை நம்பி ஒரு தொழிலின் தரத்தை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. தன்னைத்தானே மதிப்பிடுவதும் அப்படித்தான். மருத்துவர்களின் சுயமதிப்பீட்டை வெளி அளவீட்டோடு வைத்துப் பார்த்த 2006 மறு ஆய்வில், 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பே இல்லை, அல்லது மிகக் குறைவு, அல்லது தலைகீழ். ‘உங்களுக்கு எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும்’ என்று உறுப்பினர்களிடம் படிவம் அனுப்பிப் பயிலரங்கு முடிவு செய்யும் குழுக்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஆறு நிமிட நடைச் சோதனை: ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது. நுரையீரல், இதய மறுவாழ்வுப் பயிலரங்கு எதுவானாலும் இது வரும். ஸ்லைடில் எல்லாம் இருக்கும்: 30 மீட்டர் சமதளப் பாதை, திரும்பும் இடத்தில் கூம்பு, முன்னதாக நாற்காலியில் ஓய்வு, நிமிடத்துக்கு ஒருமுறை வகுத்து வைத்த அதே வாசகத்தில் ஊக்கம். பயிலரங்குக்குப் போனவர் திங்கட்கிழமை கிளினிக்குக்குத் திரும்புகிறார். அங்கே இருக்கும் நடைபாதை 10 மீட்டர். 400 மீட்டர் நடப்பவர் 30 மீட்டர் பாதையில் 13 முறை திரும்பினால் போதும். 10 மீட்டர் பாதையில் 39 முறை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறைகிறது, சமநிலை சரிசெய்ய ஓரிரு அடி வீணாகிறது. சி.ஓ.பி.டி. என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் 10 மீட்டர் பாதையையும் 30 மீட்டர் பாதையையும் ஒப்பிட்டபோது தூரம் சுமார் 50 மீட்டர் குறைந்தது. ஒருவர் இயல்பாக எவ்வளவு நடக்க வேண்டும் என்று சொல்லும் கணிப்புச் சூத்திரம் 30 மீட்டர் பாதையில் உருவானது, அதோடு இந்த எண்ணை ஒப்பிட்டால் நோயாளி உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரிவார்.

இது ஒன்று. இரண்டாவது இன்னும் நுட்பமானது. முதல் முறை நடப்பவர் இரண்டாம் முறை நடக்கும்போது, சிகிச்சை எதுவும் இல்லாமலேயே, அதிகம் நடப்பார், சோதனை பழகிவிடுகிறது. சி.ஓ.பி.டி.யில் இந்தப் பழக்க விளைவு சராசரியாக 26 மீட்டர் என்று 2014-இல் ஐரோப்பிய, அமெரிக்க நுரையீரல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட தொழில்நுட்பத் தரநிலை சொல்கிறது. அதனால்தான் இரண்டு முறை நடக்கவைத்து அதிகமான தூரத்தை எடுக்கச் சொல்கிறது. அதே ஆவணம், நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க குறைந்தபட்ச மாற்றம் 30 மீட்டர் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, எட்டு வாரம் கழித்து ஒருமுறை என்று சோதித்தால், மறுவாழ்வுத் திட்டம் எதையுமே சாதிக்காவிட்டாலும் வெற்றியின் வாசல் வரை எண் வந்து நிற்கும். கூடவே நடந்துபோகும் உதவியாளர் நோயாளியின் வேகத்தைத் தானே நிர்ணயித்துவிடுவது தனிக் கதை.

இதில் எதுவும் பயிலரங்கில் சொல்லப்படாமல் இல்லை. சொல்லப்பட்டது, குறிப்பெடுக்கப்பட்டது, குவிஸில் சரியாக விடையளிக்கப்பட்டது. நடைபாதை மட்டும் 10 மீட்டராகவே இருக்கிறது. அந்த நடைபாதையை யாராவது டேப் வைத்து அளந்து, கூம்பு வைத்து, தொடக்கச் சோதனையை இரண்டாக்கி, இல்லையென்றால் ‘எங்களிடம் 10 மீட்டர்தான், ஆகவே கணிப்புச் சூத்திரம் பயன்படுத்துவதில்லை, இதே பாதையில் எடுத்த அளவோடு மட்டும் ஒப்பிடுகிறோம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதத் தொடங்கினால், அதற்குத்தான் மீதிப் பாதிப் புள்ளி என்கிறோம்.

நடைமுறை இப்படி இருக்கலாம். பயிலரங்குக்குப் பெயர் பதியும்போதே உறுப்பினர் அந்தத் தலைப்பில் ஒரு அளவுகோலைத் தேர்ந்தெடுக்கிறார். இடுப்பு வலி, அதாவது கீழ்முதுகு வலிப் பயிலரங்கு என்றால், ‘முதல் சந்திப்பிலேயே சிறுநீர், மலம் கட்டுப்பாடு, உட்காரும் பகுதியின் உணர்வு மூன்றும் கேட்டுக் குறிக்கப்பட்டதா’ என்பது நல்ல அளவுகோல். ஆம் அல்லது இல்லை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். ‘முழுமையான மதிப்பீடு செய்யப்பட்டதா’ என்பது மோசமான அளவுகோல். ஆளுக்கு ஆள் விடை மாறும். பயிலரங்குக்கு முன் வந்த கடைசிப் பத்து இடுப்பு வலி நோயாளிகளின் குறிப்புகளை எடுத்து எத்தனையில் அது இருக்கிறது என்று எண்ண வேண்டும். அடுத்த எண்ணிக்கையில் எவ்வளவு எட்ட வேண்டும், அதற்கு எதை மாற்றப்போகிறோம் என்பதையும் எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து வந்த பத்துப் பேரின் குறிப்புகளை மறுபடி எண்ண வேண்டும். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, நடுவில் மாறியது என்ன, மாறாதது ஏன். படிவம் அவ்வளவுதான். இலக்கையும் திட்டத்தையும் எழுதச் சொல்வது சும்மா அல்ல. தணிக்கையும் பின்னூட்டமும் பற்றிய 2012 காக்ரேன் மறு ஆய்வு 140 ஆய்வுகளைச் சேர்த்தது. இடைநிலை முன்னேற்றம் 4.3 சதவீதப் புள்ளிகள். ஆனால் தொடக்க நிலை தாழ்வாக இருந்தபோதும், பின்னூட்டம் ஒருமுறைக்கு மேல் தரப்பட்டபோதும், தெளிவான இலக்கும் செயல்திட்டமும் இருந்தபோதும் பலன் கூடியது. தணிக்கை மட்டும் தனியாக எதையும் புரட்டிப்போடாது என்பதும் அந்த எண்ணிலேயே தெரிகிறது. பயிலரங்கையும் தணிக்கையையும் ஒன்றோடொன்று கட்டிவிடுங்கள் என்பதே கோரிக்கை.

ஆறு மணி நேரப் பயிலரங்குக்கு இன்று ஆறு புள்ளி என்றால், அன்று மூன்று, படிவம் வந்ததும் மூன்று.

எங்கே சொதப்பும் என்பதையும் சொல்ல வேண்டும். பத்துக் குறிப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் நல்லதாகத்தான் பொறுக்குவார்கள். ஆகவே ‘தொடர்ச்சியான பத்து’ என்ற சொல் படிவத்தில் இருக்க வேண்டும், முதல் கேஸ் மற்றும் பத்தாவது கேஸின் தேதியும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர், கோப்பு எண், படம், வீடியோ எதுவும் வேண்டாம். எண்ணிக்கை மட்டும் போதும். ஆர்வக்கோளாறில் வீடியோ கேட்கும் குழுக்கள் உண்டு. அந்தக் குழுவின் மின்னஞ்சல் பெட்டி நோயாளிகளின் நடை வீடியோக்களால் நிரம்பிய பிறகு அவற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது.

அடுத்தது, முன்னேற்றத்துக்குப் புள்ளி கொடுக்கும் தவறு. கொடுத்தால் எல்லா எண்ணிக்கையும் நான்கிலிருந்து ஒன்பதுக்கு ஏறும், ஒரே ஆண்டில். தணிக்கையை முடித்ததற்குத்தான் புள்ளி. இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைந்திருந்தாலும், காரணத்தை நேர்மையாக எழுதியிருந்தால் முழுப் புள்ளி உண்டு என்று விதியிலேயே அச்சிடுங்கள். அந்தக் காரணங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய சொத்து. ‘முதல் சந்திப்புக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கப்படுகிறது’ என்று நாற்பது பேர் எழுதினால், அதற்கு இன்னொரு பயிலரங்கு மருந்தல்ல. நிர்வாகத்தோடு சங்கம் பேச வேண்டிய விஷயம்.

குறிப்புத் தணிக்கை மையைத்தான் அளக்கும், கையை அளக்காது என்ற ஆட்சேபம் வரும். நியாயம்தான். கேட்காமலே ‘இயல்பு’ என்று எழுதலாம். கைத்திறன் சார்ந்த தலைப்புகளுக்கு மாற்று வழி வையுங்கள்: சக ஊழியர் ஒருவர், நோயாளியின் சம்மதத்தோடு, இருபது நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்து ஒரு செக்லிஸ்ட் நிரப்புவது. தலைசுற்றல் பயிலரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் உள்காதிலிருந்து வருகிறதா என்று பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் தலை 45 பாகை திருப்பப்பட்டதா, படுக்கவைத்ததும் கழுத்து சற்றுப் பின்னால் சாய்ந்ததா, கண் அசைவு தொடங்கச் சில விநாடி ஆகும் என்று காத்திருந்தாரா, இல்லை உடனே ‘நெகட்டிவ்’ என்று எழுப்பிவிட்டாரா. கடைசியில் சொன்னதுதான் அதிகம் நடக்கிறது. கூடவே நின்று பார்ப்பவருக்கும் ஒரு புள்ளி கொடுங்கள், அவரும் கற்கிறார்.

வேலைப்பளு என்பீர்கள். எல்லாப் படிவத்தையும் படிக்க வேண்டாம். வந்ததும் புள்ளியை வரவு வையுங்கள். இருபதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, எண்ணிய தாளைக் கேளுங்கள். குலுக்கலில் தன் பெயர் வரலாம் என்பது தெரிந்திருந்தாலே போதும். கேஸ் குறைவாகப் பார்ப்பவர்களுக்குப் பத்தை ஐந்தாக்கலாம், மூன்று மாதத்தை ஆறாக்கலாம். பகுதிநேரம் பணிபுரிபவர்களுக்கு மொத்த மணி நேரத்தைக் குறைப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. தணிக்கையில் சலுகை வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை செய்பவரிடம் வரும் நோயாளிக்கும் அதே முதுகுதான். குழந்தைப்பேறு, நோய், இடப்பெயர்வு என்று விலகியவர்களுக்குத் தனிப் பாதை வேண்டும். எச்.சி.பி.சி. 2 முதல் 5 ஆண்டு விலகியவரிடம் 30 நாள் புதுப்பிப்பும், அதற்கு மேல் விலகியவரிடம் 60 நாளும் கேட்கிறது. சங்கம் இங்கே செய்யக்கூடியது, மேற்பார்வையில் வேலை கற்றுத்தர ஒப்புக்கொண்ட கிளினிக்குகளின் பட்டியலைக் கையில் வைத்திருப்பது. திரும்பி வருபவருக்கு மிகவும் சிரமமானது அப்படி ஒரு இடத்தைத் தேடுவதுதான்.

ஒரு வகைப் பயிலரங்குக்கு மட்டும் பாதியை நிறுத்துவதும் போதாது: ஊசி, கழுத்துத் துரித அசைவு போன்ற ஆபத்துள்ள கைத்திறன்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் டிரை நீட்லிங் (மருந்தில்லாத மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தும் முறை) கற்று, திங்கட்கிழமை தோள்பட்டை மேல்தசையில் ஊசி போடத் தொடங்குகிறார்கள். அந்தத் தசைக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. நுரையீரல் உறை குத்துப்பட்டால் மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். என்ன அறிகுறி வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தனுப்பும் பழக்கத்தைக் கற்றுத்தராத ஊசிப் பயிலரங்குக்குப் புள்ளியே கூடாது. இவற்றில் ஒரு பயிற்றுநருக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், முதல் நிலையில் கை, கால் தசைகள் மட்டும், மேற்பார்வையில் செய்த கேஸ்களின் பதிவு வந்த பிறகே மார்புக்கூட்டுப் பகுதி என்று படிநிலை வையுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் ஊசியை பிசியோதெரபியின் எல்லைக்குள் அனுமதிக்கிறதா என்பதை விளம்பரத்திலேயே ஏற்பாட்டாளர் குறிப்பிட வேண்டும். தொழில்முறைக் காப்பீடு அதை உள்ளடக்குகிறதா என்பதையும்தான்.

கருவி விற்பனையாளர்கள் நடத்தும் ‘பயிற்சி’ பற்றிச் சுருக்கமாக. விற்பனை விளக்கத்துக்குப் புள்ளி தராதீர்கள். ஆனால் கருவியைப் பரிசோதிக்கக் கற்றுத்தந்தால் தாருங்கள். சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் கருவியின் வெளியீடு, காட்டும் எண்ணிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. கருவியின் தலைப்பகுதியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அது துள்ளுகிறதா என்று பார்ப்பது ஏதோ வெளிவருகிறது என்பதை மட்டும் காட்டும், எவ்வளவு என்பதைக் காட்டாது. அதற்கு, ஒலி அலையின் அழுத்தத்தை எடைபோட்டு வெளியீட்டை அளக்கும் கதிர்விசைத் தராசு வேண்டும். ஒரு சங்கம் ஒரு தராசு வாங்கி உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விட்டால், அது ஒரு ஆண்டு மாநாட்டைவிட அதிகம் பயன்படும். நீண்டநாள் இடுப்பு வலியில் அல்ட்ராசவுண்டுக்கு ஆதாரம் எவ்வளவு பலவீனம் என்ற விவாதத்தையும் அதே நாளில் வைத்துக்கொள்ளலாம்.

உறுப்பினர் சந்தாவுக்கு என்ன திரும்பக் கிடைக்கிறது என்று இளையவர்கள் கேட்கிறார்கள். அடையாள அட்டையும் மாநாட்டுக் கட்டணத்தில் தள்ளுபடியும் பதிலாகாது. பிரிட்டன் சங்கம் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டைப் பணிபுரியும் உறுப்பினரின் சந்தாவோடு சேர்த்தே தருகிறது. சந்தாவைத் தவறாமல் புதுப்பிக்க அது ஒன்றே போதுமான காரணம். செலவே இல்லாதது ஆய்விதழ் வாசிப்பு வட்டம். பிசியோதெரபி ஆய்வுகளைத் திரட்டித் தரும், 1999 முதல் இயங்கும் பெட்ரோ தரவுத்தளம் இலவசம். ஆய்வின் தரத்தை மதிப்பிடும் அதன் அளவுகோலில் 11 கேள்விகள், மதிப்பெண் 10-க்கு. முதல் கேள்வி கணக்கில் சேராது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை உடற்பயிற்சி தருபவரும் பெறுபவரும் அறியாமல் வைப்பது பெரும்பாலும் முடியாது என்பதால் நமது துறையில் 8 என்பதே உயர்ந்த மதிப்பெண். மதிப்பெண் உயர்ந்தது என்பதால் சிகிச்சை பலன் தரும் என்று பொருளல்ல. பலனின் அளவை அது அளப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டு மூன்று பேர் உட்கார்ந்து ஒரு கட்டுரையை ஒரு மணி நேரம் அலசி ஒரு பக்கம் எழுதினால், வெபினாருக்குத் தரும் அதே புள்ளியைத் தாருங்கள்.

சான்றிதழையும் திருத்த வேண்டும். தொடக்க விழா, உணவு, நினைவுப்பரிசு நேரம் போக உள்ள கற்றல் நேரம் மணிக்கணக்கில் அச்சாகட்டும். சில நாடுகளில் 10 மணி நேரம் சேர்ந்தால்தான் ஒரு அலகு. வெறும் ‘6 புள்ளி’ என்று எழுதிய சான்றிதழை வெளிநாட்டுப் பதிவு அமைப்பு எப்படிப் படிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நேரடியா இணையவழியா, கைத்திறன் மதிப்பிடப்பட்டதா, பயிற்றுநருக்குக் கருவி நிறுவனத்தோடு பணத்தொடர்பு உண்டா, இவையும் அதில் இருக்க வேண்டும். மீதிப் பாதிப் புள்ளிக்கு ஒரு காலி இடமும்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த புதுப்பிப்புக் காலத்தில் ஒரே ஒரு பயிலரங்கில் தொடங்குங்கள். இடுப்பு வலியோ ஆறு நிமிட நடையோ, எண்ண எளிதானதாக இருக்கட்டும். ஆண்டு முடிவில் எத்தனை பேர் படிவம் அனுப்பினார்கள், முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, அதிகம் எழுதப்பட்ட தடைகள் எவை என்பதைப் பெயர்கள் இல்லாமல் உறுப்பினர் இதழில் வெளியிடுங்கள். வருகை குறையும் என்று ஏற்பாட்டாளர்கள் அஞ்சுவார்கள். முதல் ஆண்டு குறையத்தான் செய்யும். சான்றிதழுக்காக மட்டும் வந்தவர்களின் நாற்காலிகள்தான் காலியாகும். அவர்களின் கட்டணத்தை நம்பி வரவுசெலவு போட்ட பயிலரங்குகளுக்குச் சங்கம் ஓராண்டு கைகொடுக்க வேண்டியிருக்கும். அதற்கான தொகையை இப்போதே ஒதுக்கிவிட்டு அறிவிப்பை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை அறையிலும் வகுப்பறையிலும் பணிபுரியும் பிசியோதெரபிஸ்டுகள்